சம்பளத்துக்கும் நன்றிக்கடனா?

கேள்வி: மேடம், எனக்கு வயது 42. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் எட்டு வருடம் குவாலிட்டி கண்ட்ரோலராக (கியூசி) இருந்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் குறைந்தது. தீபாவளி போனஸ் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, “ஆர்டர் வந்தா கூப்பிடறோம்” என்று எங்களில் பலரை அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம் வேலை இல்லை. என் மனைவி ஒரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவளுடைய ஆறு பவுன் அடகில் இருக்கிறது. பல்லடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன், என் மச்சான், மகளின் ஸ்கூல் ஃபீஸ் உட்பட 1,60,000 ரூபாய் வரை கொடுத்தார். மாதம் தவறாமல் அரிசி மூட்டையும் வந்தது.

போன மாதம் ஒரு நண்பர் சொல்லி, அவிநாசி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முன்பு 41,000 வாங்கினேன், இப்போது 29,000. எல்லோரும் கடவுள் கண் திறந்துவிட்டார் என்கிறார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன். யாரும் சொல்லாமலே இரவு பத்து வரை கம்பெனியில் இருக்கிறேன். இரண்டாவது வாரம் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வர வேண்டிய துணி 168 வந்தது. “ஓகே பண்ணுங்க” என்றார் மேனேஜர். கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேலை கொடுத்தவரை எதிர்த்துப் பேசினால் நன்றி கெட்டவன் ஆகிவிட மாட்டேனா? மச்சான் வீட்டுக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது. இனி வீட்டில் இரு என்றால் மனைவி கேட்க மாட்டேன் என்கிறாள். தினமும் ஏதாவது ஒரு சண்டை. நான் நன்றி இல்லாதவனா மேடம்?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நன்றி இல்லாதவர் இப்படி ஒரு கடிதம் எழுத மாட்டார். அரிசி மூட்டை எந்த மாதமும் தவறவில்லை என்பதுகூட உங்களுக்கு நினைவில் இருக்கிறது. உங்களிடம் நன்றி நிறையவே இருக்கிறது. ஆனால் அது போக வேண்டிய வாய்க்காலில் போகாமல் வேறு எங்கேயோ பாய்கிறது. கைகொடுத்த மச்சானைப் பார்க்கக் கூசுகிறீர்கள். வீட்டைத் தாங்கிய மனைவியோடு சண்டை போடுகிறீர்கள். போன மாதம் வரை முகம் தெரியாத ஒரு மேனேஜருக்காகத் தப்பு என்று தெரிந்த அளவில் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

முதலில் அந்தச் சந்தோஷத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்த அன்றே மனம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று சுற்றி இருப்பவர்கள் எதிர்பார்ப்பார்கள். அது அப்படி வருவதில்லை. ஜெர்மனியில் 24,000க்கும் மேற்பட்டவர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. அதன்படி, வேலை இழந்தவர்களின் மனநிறைவு, மறுபடி வேலை கிடைத்த பிறகும் சராசரியாகப் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பவில்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வேலை கிடைத்தும் சிரிக்க முடியாமல் இருப்பது உங்கள் குணக்கோளாறு அல்ல, இந்த அனுபவம் விட்டுப்போகும் காயம் அது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மூளை இன்னும் அந்த ஏழு மாதத்தில்தான் இருக்கிறது. போனில் பழைய கம்பெனி நம்பர் வந்தால் இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதா, இல்லையா?

உங்கள் ஊரைப் போலவே துணியை நம்பி இருந்த ஊர் ஒன்று ஆஸ்திரியாவில் உண்டு. வியன்னாவுக்குப் பக்கத்தில் மாரியந்தால் என்ற கிராமம். 1930 வாக்கில் அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டது. ஏறக்குறைய மொத்த ஊருக்கும் வேலை போனது. மாரி யஹோடா, பால் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய ஆய்வாளர்களின் குழு அங்கே போய் மக்களின் அன்றாடத்தை அப்படியே பதிவு செய்தது. கை நிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. தெருவில் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். சம்பளம் போனதோடு நாளின் ஒழுங்கும், தன்னால் யாருக்கோ பயன் என்ற உணர்வும் சேர்ந்தே போயிருந்தன. யஹோடா பின்னாளில் இதை விரிவாக எழுதினார். உங்களுக்கு இப்போது சம்பளம் திரும்பிவிட்டது. மற்றதெல்லாம் வந்து சேர இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும்.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெண்கள் அதே தெருவில் ஆண்களைவிட வேகமாக நடந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம்தான் நின்றிருந்தது, வேலை நிற்கவில்லை. உங்கள் மனைவியைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

சரி, கம்பெனி விஷயத்துக்கு வருவோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நல்ல சொல்தான். ஆனால் அது, கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாமல் கொடுத்தவரை நினைக்கச் சொல்கிறது. கம்பெனி உங்களுக்கு உப்பு போடவில்லை. உங்கள் கண்ணையும் கையையும் இத்தனை வருட அனுபவத்தையும் மாதம் 29,000 ரூபாய்க்கு வாங்குகிறது. அதுவும் முன்பைவிட 12,000 குறைத்து. இது சரியான கொடுக்கல் வாங்கல். அவர்களை மதியுங்கள், நேரத்துக்குப் போங்கள், வேலையை நன்றாகச் செய்யுங்கள். அதற்கு மேல் கடன்பட்டவர்போல நடந்துகொள்ள வேண்டியதில்லை. யாரும் சொல்லாமலே இரவு பத்து வரை உட்கார வைப்பது பயம். அதற்கு நன்றி என்று பெயர் வைத்துக்கொண்டால் அது உங்களைவிட்டுப் போகவே போகாது. பயம் என்று சொல்லிக்கொண்டால், எதற்குப் பயம், எவ்வளவு நியாயம் என்று உட்கார்ந்து யோசிக்கவாவது முடியும்.

அந்த 168 ஜிஎஸ்எம் துணியையே எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஐந்து கூடக்குறைய இருந்தால் பொதுவாக பையர்கள், அதாவது சரக்கை வாங்கும் நிறுவனங்கள், ஏற்பார்கள். 180க்கு அது 171 வரை போகும். 168 அதற்கும் கீழே. இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பையர் தரப்பு இன்ஸ்பெக்‌ஷனில் இது மாட்டினால் நஷ்டம் கம்பெனிக்கு, கெட்ட பெயர் உங்கள் கையெழுத்துக்கு, சங்கடம் உங்களைச் சிபாரிசு செய்த நண்பருக்கு. நீங்கள் வாயை மூடியதால் இவர்கள் யாருக்கு நல்லது நடந்தது?

எதிர்த்துப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மேனேஜரிடம் வாதாடுவதும் மறுப்பதும் உங்கள் வேலை அல்ல. அளந்ததை அளந்தபடி எழுதுவது உங்கள் வேலை. அந்த லாட் இன்னும் கட்டிங்குக்குப் போகவில்லை என்றால், இன்றே நாலைந்து ரோலில் மறுபடி வெட்டி எடை பாருங்கள். பிறகு மேனேஜருக்கு அடக்கமாக ஒரு செய்தி அனுப்புங்கள்: “சார், இந்த லாட் மறுபடி பார்த்தேன், இத்தனை ரோலில் இந்த அளவு வருகிறது. காம்பாக்டிங்கில் ஒரு தடவை திரும்பப் போட்டால் ஏறுமா என்று கேட்கலாம். இல்லாவிட்டால் பையரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டால் நமக்குப் பாதுகாப்பு.” முடிவை அவர் எடுக்கட்டும். அளவு எழுத்தில் இருக்கட்டும். கட்டிங் முடிந்துவிட்டது என்றாலும் சொல்லுங்கள். பேக்கிங்குக்கு முன்னால் தெரிவதும், துறைமுகம் தாண்டிய பிறகு தெரிவதும் ஒன்றல்ல. இப்படி அடக்கமாகச் சொன்னதற்காக உங்களை அனுப்பிவிடுகிற இடமென்றால், அங்கே நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலும் உங்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் பெரும்பாலும் அப்படி நடக்காது. கண் தெரிந்த கியூசியை விட்டுவிட எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது.

வீட்டுக்குக் கிளம்ப ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்மென்ட் நெருங்கும் நாளில் பத்து மணி ஆனால் ஆகட்டும். மற்ற நாளில் உங்கள் வேலை முடிந்ததும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆறு மாதம் கழித்து சம்பளத்தைத் திரும்பப் பார்ப்பீர்களா என்று மேனேஜரிடம் கேட்கவும் வேண்டும். அதுவரை நீங்கள் பிடித்த குறைகளையும் அதனால் மிச்சமான சரக்கையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அன்றைக்குப் பேச உங்களிடம் ஏதாவது இருக்கும்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக நினைக்காமல் கடந்துபோன ஒரு வரி: போனஸ் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அது உரிமை. நீங்கள் வெளியே வந்தபோது நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொன்னது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தொகை 18,000 என்று வைத்துக்கொண்டால், எட்டு வருடத்துக்கு ஏறக்குறைய 83,000 ரூபாய் வருகிறது. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். தாமதத்துக்கு வட்டியும் உண்டு. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளின் நகல் இருந்தால், அதில் கிராஜுவிட்டி என்று ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இல்லை என்றால், பொதுவாக ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்று வாங்கிய கையெழுத்து இந்த உரிமையை அழித்துவிடாது. ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

எட்டு வருடம் சோறு போட்ட முதலாளியிடம் கணக்கு கேட்பதா என்று உங்களுக்குத் தோன்றும். அந்த எட்டு வருடமும் அவருடைய சரக்கு திரும்பி வராமல் பார்த்துக்கொண்டவர் நீங்கள். வாஷிங்டனில் போட்ட வரிக்கு அவரும் பொறுப்பில்லை, நீங்களும் பொறுப்பில்லை. அவருக்கும் கஷ்டகாலம்தான், அதனால் மரியாதையாகவே எழுதுங்கள். வேண்டுமானால் இரண்டு தவணையாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் கேளுங்கள். மனைவியின் நகை அடகில் இருக்கும்போது இந்தப் பணத்தை விட்டுக்கொடுக்கும் உரிமை உங்கள் ஒருவருக்கு மட்டும் இல்லை.

பிஎஃப் பற்றியும் சுருக்கமாக. புதிய கம்பெனியில் பழைய யுஏஎன் நம்பரையே (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்யவில்லை என்றால், கடைசிப் பிடித்தத்திலிருந்து இரண்டு மாதம் கடந்த பிறகு நீங்களே இணையத்தில் பதிவு செய்யலாம். பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு இருந்தால் அதை எடுத்துவிடாதீர்கள். எல்லாம் சேர்ந்து பத்து வருட சர்வீஸ் ஆனால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. எடுத்துவிட்டால் இந்த எட்டு வருடம் கணக்கில் வராமல் போய்விடும்.

இனி மச்சான். பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிகிற அன்றுதான் அவர் முகத்தில் விழிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். இந்தச் சம்பளத்தில் அதற்கு வருடங்கள் ஆகும். அதுவரை அவர் என்ன நினைப்பார்? வேலை கிடைத்ததும் மாப்பிள்ளை நம்மை மறந்துவிட்டார் என்றுதான். நீங்கள் கூச்சம் என்று நினைப்பது அந்தப் பக்கமிருந்து பார்த்தால் நன்றிகெட்டதனமாகத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு போய்விட்டு வாருங்கள்.

நம் வீடுகளில் மச்சானுக்கு வாய்விட்டு நன்றி சொல்லும் பழக்கம் கிடையாது, எனக்கும் தெரியும். சொன்னால் அந்நியப்படுத்துவதுபோல இருக்குமோ என்று பயம். 2018இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள், தங்களுக்கு உதவியவர்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லி மக்களிடம் சோதனை செய்தார்கள். படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்குச் சங்கடம் ஏற்படவே இல்லை. படித்தவர்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சியோ எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். அது அமெரிக்கா என்று ஒதுக்க வேண்டாம். என்னிடம் வருகிற குடும்பங்களிலும் இதைத்தான் பார்க்கிறேன். நன்றி என்ற சொல்லே வேண்டாம். நடந்ததைச் சொன்னால் போதும். “மச்சான், அன்னைக்கு நீங்க ஃபீஸ் கட்டலைன்னா பாப்பாவ அந்த ஸ்கூல்ல இருந்து நிறுத்தியிருப்பேன். அரிசி வந்த அன்னைக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்குனேன்.” இதைக் கேட்டு எந்த அண்ணனும் சங்கடப்பட மாட்டார்.

பணத்தைப் பற்றியும் அன்றே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வட்டி அடகு நகைக்குத்தான், மச்சான் பணத்துக்கு இல்லை. அதனால் முதலில் அவர் தங்கையின் நகையைத் திருப்பிவிட்டு, பிறகு மாதம் இவ்வளவு என்று அவருக்குத் தருகிறேன் என்று சொல்லுங்கள். கிராஜுவிட்டி வந்தாலும் முதலில் நகைக்கே போகட்டும். தங்கையின் கழுத்துக்கு நகை வருவதை மறுக்கிற அண்ணன் இருக்க மாட்டார். வட்டி என்ற பேச்சை மட்டும் அவரிடம் எடுக்காதீர்கள், மனம் புண்பட்டுவிடும். பணமே வேண்டாம் என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். தீபாவளி, பொங்கல் கூட்டத்தில் மளிகைக் கடையில் எப்போதும் ஓர் ஆள் குறையும். போய் இரண்டு நாள் நின்று பொட்டலம் போட்டுக் கொடுங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். மச்சானைப் பற்றி மூன்று விஷயம் எழுதியிருக்கிறீர்கள். நண்பரைப் பற்றி, மேனேஜரைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறீர்கள். மனைவியைப் பற்றி, வேலைக்குப் போனாள், நகை அடகில் இருக்கிறது, இப்போது வேலையை விட மறுக்கிறாள் என்பதோடு சரி. செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நிற்பது, ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீட்டுக்கு வருவது, அதற்குப் பிறகு அடுப்பைப் பற்ற வைப்பது, இதெல்லாம் என்ன என்று திருப்பூரில் கியூசியாக இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ பெண்கள் உங்கள் கண் முன்னாலேயே அப்படி நின்றிருப்பார்கள். அவர்களில் ஒருவராக உங்கள் மனைவியும் போய் நின்றார். கழுத்து நகையையும் கழற்றிக் கொடுத்தார். சனிக்கிழமை அவர் வாங்கி வந்த சம்பளத்தில்தான் அடுத்த வாரம் நகர்ந்தது. இதில் யாருக்கு முதல் நன்றி?

இனி வீட்டில் இரு என்பதை அன்பாகத்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அவர் காதில், ‘எனக்கு வேலை வந்துவிட்டது, உன் வேலை இனித் தேவையில்லை’ என்று விழுந்திருக்கலாம். அவர் ஏன் மறுக்கிறார் என்று கேட்டீர்களா? எனக்குத் தெரிந்த வரை மூன்று நான்கு காரணம் இருக்க முடியும். மறுபடி ஆர்டர் நின்றால் என்ன செய்வது என்ற பயம் உங்களுக்கு மட்டும்தான் இருக்க வேண்டுமா? நகையைத் தன் கையாலேயே திருப்ப வேண்டும் என்ற வைராக்கியமாக இருக்கலாம். டேபிளில் பக்கத்தில் நிற்கிற தோழிகளாக இருக்கலாம். தன் பெயரில் வருகிற முதல் சம்பளமாகவும் இருக்கலாம். நான் ஊகிக்கத்தான் முடியும். நீங்கள் கேட்டால் தெரிந்துவிடும். அவர் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார் என்றால் அதை ஒரு ஷிப்டாகக் குறைக்க முடியுமா என்று இரண்டு பேரும் சேர்ந்து கணக்குப் போடுங்கள். குறைப்பதா, தொடர்வதா, விடுவதா என்பதை அவர் சொல்லட்டும்.

அவர் வேலையைத் தொடர்ந்தால் வீட்டு வேலையில் பாதி உங்களுடையது. மாரியந்தால் பெண்களைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? அவர்கள் வேகமாக நடந்ததற்குக் காரணம் தெம்பு அல்ல. வீட்டில் அடுப்பும் குழந்தையும் காத்திருந்தன. அந்த ஏழு மாதத்தில் மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டது யார்? நீங்களாக இருந்தால் வாரத்தில் இரண்டு நாளாவது அதைத் தொடருங்கள். வேலையில்லாத காலத்தில் கிடைத்த எல்லாவற்றையும் கெட்ட கனவு என்று தூக்கி எறிந்துவிட வேண்டியதில்லை.

பழனிக்கோ வேறு கோயிலுக்கோ அம்மா வேண்டிக்கொண்டிருந்தால் போய் வாருங்கள். அவருடைய நிம்மதிக்கு அது தேவை. கடன் வாங்கிப் போக வேண்டாம், அவ்வளவுதான். நண்பருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தன் பெயரை வைத்து உங்களை உள்ளே விட்டவர் அவர். உங்கள் அளவுகள் சரியாக இருந்தால் அவருக்கு அதுவே போதும்.

கடைசியாக, அந்த மூன்று மணி விழிப்பு. மேலே சொன்னவற்றைத் தொடங்கியதுமே சிலருக்குத் தூக்கம் தானாகச் சீராகிவிடும். இன்னும் இரண்டு வாரம் கழித்தும் இப்படியே இருந்தால், அல்லது பசி இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கடைசி எண்ணம் வந்தால் இரண்டு வாரம் என்ற கணக்கே வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி (டெலி மானஸ்) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் பார்ப்பது நல்லது என்று தோன்றினால் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனைவியையும் கூட அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்ல மறந்ததை அவர் சொல்வார்.